கிளாரினெட் கேட்டவர்

கடைக்குள் நுழைந்ததும் அவர் கிளாரினெட் கேட்பார்.

"தனிக் கிளாரினெட் வாசிச்ச ரிகார்டு ஏதாவது வந்திருக்கா?"

இல்லை என்றால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார். சரி, வந்ததற்குச் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்கிற பாவனையில் பின்பக்கம் போய், பழைய ரிகார்டுகள் அடுக்கியிருந்த மரப்பெட்டிகளுக்கு முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் எழுந்திருக்க மாட்டார். அவருக்குக் கிளாரினெட் பிடிக்கவே பிடிக்காது என்பது எனக்குத் தெரியவர ஒரு வருடம் ஆயிற்று. அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ரிகார்டு, அதில் இருந்தது அவர் மனைவியின் குரல் என்பது தெரியவர இன்னும் ஒன்றரை வருடம். அப்போது அந்த ரிகார்டு எட்டு மாதமாக என் வீட்டில் கிடந்தது. எடுத்து வந்தவள் நான்தான். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

எழுபதுகளின் ஆரம்பம் அது. பாண்டி பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது கடை. முன்பக்கம் ரேடியோ, பல்பு, டார்ச் லைட் வியாபாரம். பின்பக்கம் புது ரிகார்டுகள் ஒரு அலமாரியும், வீடு காலி செய்கிறவர்கள் கொண்டுவந்து போடும் பழையவை ஏழெட்டுப் பெட்டியும். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். எல்லோருக்கும் அண்ணாச்சி. நான் மவுண்ட் ரோட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளார்க். சனிக்கிழமை அரை நாள்தான் வேலை என்பதால் டிபன் பாக்ஸைக்கூடக் கழுவாமல் நேரே தி.நகருக்கு வந்துவிடுவேன். இருபத்தாறு வயதுப் பெண் கல்யாணத்தைப் பற்றி யோசிக்காமல் பழைய ரிகார்டு பொறுக்குகிறாளே என்று மயிலாப்பூரில் எங்கள் தெருவே கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டிகளைக் குடைவதில் எனக்கு இருந்த ஒரே போட்டி அவர்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. பேர் தெரியாது என்று சொல்ல முடியாது. மூன்று பேர் தெரியும். அண்ணாச்சியிடம் ஒன்று, கச்சேரி ரோட்டுப் பழைய சாமான் கடையில் ஒன்று, மாட வீதி ரிகார்டுக் கடையில் ஒன்று சொல்லியிருந்தார். உத்தியோகமும் அப்படியே. அண்ணாச்சிக்கு அவர் பாங்க்கில் இருந்தார். பழைய சாமான் கடைக்காரருக்கு அவர் டிராயிங் மாஸ்டர். என்னிடம் ஒருமுறை விதை கம்பெனி என்றார். என்ன விதை என்று கேட்டேன். "எல்லா விதையும்தான்" என்றார்.

இடத்துக்கு ஏற்ற மாதிரி பேச்சையும் மாற்றிக்கொள்வார். ஒரு நாள் கச்சேரி ரோட்டில், நான் இருப்பது தெரியாமல் அவர் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"இன்னா சார், வாரா வாரம் வந்து பாத்துக்கினு பாத்துக்கினு போறே, ஒண்ணும் வாங்க மாட்றியே" என்றார் கடைக்காரர்.

"இன்னா நைனா பண்றது? நல்ல சரக்கே இல்லியே உங்கிட்ட" என்றார் இவர்.

அங்கிருந்து நேராக மாட வீதிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன், எனக்கும் வேறு வேலை இல்லை பாருங்கள். அங்கே, "இருங்கோ, ஆத்துல ஒரு வார்த்தை கேட்டுண்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நழுவிக்கொண்டிருந்தார். வருமான வரிக்காரரோ, போலீஸ் ஆளோ, ரிகார்டு கம்பெனி அனுப்பிய ஒற்றரோ என்று என்னென்னவோ நினைத்தேன். இரண்டாவது கடை வாசலில் என்னைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு பல மாதம், நான் இருக்கும் பஸ்ஸில் ஏறினால் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவார். அவரைப் பொறுத்தவரை ஒற்றர் நான்.

யார் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரு பதில் உண்டு. "அப்படிச் சொல்றீங்க." ஆமாம் என்பதும் இல்லை, இல்லை என்பதும் இல்லை. இது நல்ல காப்பி சார், கீறலே இல்லை என்றால், அப்படிச் சொல்றீங்க. வெளியில் மழை சார் என்றால், அப்படிச் சொல்றீங்க என்றுவிட்டு வாசல் வரை போய் உள்ளங்கையை நீட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

உறையில் போட்டிருப்பதை அவர் நம்பியதில்லை. ரிகார்டை வெளியே எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, டியூப் லைட்டுக்குச் சாய்த்துப் பார்ப்பார். பையிலிருந்து சின்னப் பூதக்கண்ணாடி வரும். பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் பொடி எழுத்தில் கீறியிருக்கும் எண்ணைப் படிப்பார். கடைசியில் முகர்ந்து பார்ப்பார். முகர்ந்து என்ன தெரியும் என்று அண்ணாச்சி கேட்டதற்கு, "எந்த வீட்ல இருந்ததுன்னு தெரியும்" என்றார்.

இவ்வளவும் கிறுக்கு என்று தள்ளிவிடவும் முடியவில்லை. ஒரு தடவை யாரோ ஒருவர் கல்கத்தாவிலிருந்து வந்ததென்று சொல்லி இருபது ரிகார்டுகளை அண்ணாச்சி தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். எல்லாம் அபூர்வமான பேர்கள். அண்ணாச்சி வாயெல்லாம் பல். இவர் ஒன்றை எடுத்தார், கீறிய எண்ணைப் படித்தார், விரலை நாக்கில் தொட்டு லேபிளின் ஓரத்தில் வைத்து மெதுவாகத் தேய்த்தார். மேல் காகிதம் உரிந்து, அடியில் இன்னொரு லேபிள் தெரிந்தது. குழந்தைகளுக்கு இங்கிலீஷ் உச்சரிப்புச் சொல்லித்தரும் ரிகார்டு.

"ரெண்டு சட்டை போட்டிருக்கு அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான். குரலில் பெருமைகூட இல்லை.

அண்ணாச்சி ஆடிப்போய்விட்டார். அன்றிலிருந்து அவர் மேல் ஒரு மரியாதை. எப்படியாவது கைம்மாறு செய்ய வேண்டும் என்று, ஊருக்குப் போனபோது பாளையங்கோட்டை முழுக்க அலைந்து மூன்று கிளாரினெட் ரிகார்டு பிடித்துக்கொண்டு வந்தார். அவற்றைக் கொடுத்தபோது இவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி நின்றார். வேண்டாம் என்றால் குட்டு உடைந்துவிடும். வாங்கிக்கொண்டு போனார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, இந்த மனுஷர் கேட்பது ஒன்று, தேடுவது வேறு ஒன்று.

ரிகார்டு பொறுக்குகிறவர்களிடம் இந்தப் பழக்கம் கொஞ்சம் எல்லோருக்குமே உண்டு. நமக்கு வேண்டியது இன்னதென்று கடைக்காரருக்குத் தெரிந்தால் விலை ஏறும், பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிந்தால் அவன் முந்திக்கொள்வான். அதனால் ஆசைப்பட்டதை எடுத்த வேகத்தில் திரும்ப வைத்துவிட்டு, கடையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, வேண்டாத இரண்டு ரிகார்டுக்கு நடுவில் அதையும் சொருகி அலட்சியமாக நீட்டுவோம். எனக்கு இது விளையாட்டு. அவருக்கு இது மூச்சு. அவரைக் கவனித்துக் கவனித்து நான் ஒன்று கண்டுபிடித்தேன். வேண்டாத ரிகார்டை அவர் ஐந்து நிமிடம் பார்ப்பார். வேண்டியதை ஒரு விநாடிகூடப் பார்க்க மாட்டார்.

அந்தச் சனிக்கிழமை அவர் கை ஒரு சின்ன ரிகார்டின் மேல் பட்டது. மஞ்சள் காகித உறை. ஏதோ ஒரு பஜனைக் குழு சொந்தச் செலவில் அச்சடித்துக்கொண்டது. பூதக்கண்ணாடி வரவில்லை, முகரவில்லை. பார்த்தாரா என்றே சந்தேகம். அதை இங்கிலீஷ் உச்சரிப்பு ரிகார்டுகளுக்கு நடுவே தள்ளிவிட்டு எழுந்து, முன்பக்கம் போய், நாற்பது வாட் பல்பு என்ன விலை என்று அண்ணாச்சியிடம் விசாரிக்க ஆரம்பித்தார்.

நான் அந்த மஞ்சள் உறையை எடுத்தேன். எனக்குப் பஜனைப் பாட்டு வேண்டாம். அவருக்கு வேண்டும் என்பதற்காகவே எடுத்தேன். பக்கவாட்டு மேஜையில் இருந்த கடைப் பையனிடம் பில் போட்டு வாங்கிக் காகிதப் பைக்குள் போட்டுக்கொண்டபோது, பரீட்சையில் முதலாவதாக வந்த மாதிரி இருந்தது.

அவர் திரும்பி வந்தார். பெட்டியில் ஒருமுறை பார்த்தார். இரண்டாம் முறை பார்த்தார். பிறகு எல்லாப் பெட்டியையும், ஒவ்வொரு ரிகார்டாக. நெற்றியில் வியர்வை. "இங்கே ஒரு மஞ்சள் உறை இருந்ததே, எங்கே?" என்று ஒரு வார்த்தை அண்ணாச்சியிடம் கேட்டிருந்தால் போதும், நான் கொடுத்திருப்பேனோ என்னவோ. அவரால் கேட்க முடியவில்லை. தனக்கு வேண்டியதை அந்த மனிதர் வாய்விட்டுக் கேட்டதே இல்லை. கடைசியில் என் கையிலிருந்த பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மழை விட்டுடுச்சா?" என்று கேட்டார்.

"விட்டுடுச்சு சார்" என்றேன்.

அப்படிச் சொல்றீங்க என்றுகூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டேன். ஜால்ரா, ஆர்மோனியம், கும்பலாக ஒரு பாட்டு. நடுவில் சின்னப் பெண் ஒருத்தி இரண்டு வரி தனியாகப் பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். இதற்கா இத்தனை நாடகம் என்று உறையில் போட்டு வைத்துவிட்டேன்.

அடுத்த வாரமே அவர் என்னிடம் தானாக வந்து பேசினார். இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"கிளாரினெட் ரிகார்டு மூணு இருக்கு. உங்களுக்கு வேணுமா? மாத்திக்கலாம். பஜனைப் பாட்டு மாதிரி ஏதாவது இருந்தாக்கூடப் போதும்."

"எங்கிட்ட பஜனையெல்லாம் இல்லை சார்" என்றேன். கூசாமல் சொன்னேன்.

பிறகு ஒரு வீணை ரிகார்டைக் காட்டினார். அதற்கடுத்த மாதம், நான் நான்கு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு நாகஸ்வர ரிகார்டை, பையிலிருந்து பாதி மட்டும் இழுத்துக் காட்டினார். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. ஆனால் அவர் காட்டக் காட்ட என் சந்தேகமும் வளர்ந்தது. இத்தனை உசத்தியானதைக் கொடுக்கிறார் என்றால் என்னிடம் இருப்பது எவ்வளவு பெறும் என்று கணக்குப் போட்டேன். மஞ்சள் உறையை அலமாரியிலிருந்து எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். எட்டு மாதம் ஓடிவிட்டது.

ஒருநாள் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"எம்மா, நம்ம கிளாரினெட் சார் வீட்டுக்குப் போயிருந்தேன். பிளேயர் ரிப்பேருக்குக் குடுத்திருந்தாவ, கொண்டுபோய்க் குடுத்தேன். மந்தைவெளியில பின்கட்டுப் போர்ஷன். அந்தம்மாவுக்குப் பேச்சே வரலம்மா. தொண்டையில ஆப்பரேசனாம். காத்துதான் வருது. பக்கத்துப் போர்ஷன் பொம்பள சொன்னாவ, கல்யாணத்துக்கு முன்ன ஏதோ பஜனைப் பிளேட்டுல ரெண்டொரு வரி பாடியிருக்காவளாம். பாடுனவங்களுக்கு அந்தக் குழுக்காரவுக ஒரு காப்பிகூடக் குடுக்கலையாம். அதத்தான் இந்த மனுசன் பத்து வருசமாத் தேடுதாரு. மொதல்லயே எங்கிட்டச் சொல்லியிருந்தா எங்கயாச்சும் பிடிச்சுக் குடுத்திருப்பேம்லா? கிளாரினெட்டு, கிளாரினெட்டுன்னு என்னையப் பாளையங்கோட்டைக்கு ஓடவிட்டாரே."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அண்ணாச்சியிடம் முகவரி வாங்கிக்கொண்டேன். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சள் உறையை எடுத்துக்கொண்டு மந்தைவெளிக்குப் போனேன்.

கதவைத் திறந்தது அந்த அம்மா. நாற்பது வயதுகூட இருக்காது. நூல் புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தார். நான் ரிகார்டை நீட்டியதும் உறையைப் பார்த்து, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து அவர் வந்தார். மஞ்சள் உறையைப் பார்த்தார். வாங்கிக்கொள்ளவில்லை.

"யார் அனுப்பினாங்க?"

"யாரும் அனுப்பலை சார். அன்னிக்கு நீங்க பல்பு விலை கேட்டப்போ நான் எடுத்துட்டேன். இது என்னன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எடுத்திருக்க மாட்டேன். மன்னிச்சுடுங்க."

"வேணும்னுதான் எடுத்தீங்க?"

"ஆமாம்."

அதை அவர் உடனே நம்பினார். நான் சொன்னதில் அவர் மறுபேச்சில்லாமல் நம்பியது அது ஒன்றுதான். ரிகார்டை வாங்கி, உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பிளேயரில் வைத்தார். ஜால்ரா, ஆர்மோனியம், கும்பல். அந்தப் பெண் குரல் வந்ததும் அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். என் வீட்டில் கேட்டபோது, இதற்கா இத்தனை நாடகம் என்று நான் நினைத்த அதே இரண்டு வரிதான்.

அவர் முள்ளைத் தூக்கினார். திரும்ப வைத்தார். மூன்று தடவை கேட்டார்.

"நாலு வரின்னு சொன்னியே" என்றார் மனைவியிடம். "ரெண்டுதான் இருக்கு."

"நாலு பாடினேன். ரெண்டுதான் சேர்த்தாங்க போலிருக்கு." அந்த அம்மாவின் பேச்சு காற்றாகத்தான் வந்தது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அப்படிச் சொல்றே." லேபிளைப் பூதக்கண்ணாடியில் படித்தார். "குழுவினர்னு போட்டிருக்கான். பேரே இல்லையே."

நான் எழுந்துவிட்டேன். அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. அந்த அம்மா பின்கட்டின் சின்னக் கேட் வரை கூட வந்தார். என் கையைப் பிடித்து, காதருகே வந்து சொன்னார்.

"கல்யாணமான புதுசுல, பிளேட்ல பாடியிருக்கேன்னு சொன்னேன். எங்கே பாடிக் காட்டுன்னார். மாமியார் உள்ள இருந்தாங்க, வெட்கப்பட்டுக்கிட்டுப் பாடலை. அதுக்கப்புறம் பாட முடியாமலே போயிடுச்சு. நான் பொய் சொன்னேனோன்னு அவருக்கு ஒரு இது. ஆனா பொய்யின்னு விட்டுடலை பாருங்க. நிஜமா இருக்கணும்னு பத்து வருஷம் கடை கடையா அலைஞ்சார். அது எனக்குப் போதுமா இருந்தது. இப்போ கிடைச்சுடுச்சு. இனிமே எதைத் தேடுவார்?"

உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார்.

"இங்க வா. இப்படி வெளிச்சத்துல உட்காரு. அந்த ரெண்டு வரிக்கும் வாயை மட்டும் அசைச்சுக் காட்டு."

அந்த அம்மா போனார். கேட்டில் நின்ற எனக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பாட்டு வந்தது. அந்த அம்மா சத்தமில்லாமல் வாயசைத்தார். மூச்சு எடுக்கிற இடத்தில் மூச்சு எடுத்தார். அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, ரிகார்டைப் பார்க்காமல் மனைவியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆளைப் போய் நாலு அறை அறையலாம் போல இருந்தது. அவர் கண்கள் கலங்கியிருந்ததையும் பார்த்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸை விட்டுவிட்டு வீடு வரை நடந்தே வந்தேன்.

இனி அவர் கடைக்கு வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை நான் போவதற்கு முன்பே வந்து முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார் தேடுறீங்க?" என்று கேட்டேன். எங்களுக்குள் யாரும் யாரையும் கேட்காத கேள்வி அது.

அவர் அண்ணாச்சிக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னார். "அதே பஜனை ரிகார்டு. இன்னொரு காப்பி வேணும். ஒண்ணை மட்டும் வச்சு எப்படிம்மா முடிவு பண்றது? நாலு வரி உள்ள காப்பியும் இருக்கலாம் இல்லையா?"

"பிடிச்சிருவோம் சார்" என்றார் அண்ணாச்சி.

அந்த அம்மா கேட்டில் நின்று கேட்டதற்கு இதுதான் பதில் என்று எனக்குத் தோன்றியது. கோபம் போகவில்லை, ஆனாலும் மனசு லேசாயிற்று.

இன்னொரு காப்பி மறுவருடம் கச்சேரி ரோட்டில் என் கையில்தான் அகப்பட்டது. அதே மஞ்சள் உறை. வாங்கி வந்து போட்டுக் கேட்டேன். அதிலும் இரண்டு வரிதான். பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். இந்தத் தடவை எனக்கு உறுத்தவே இல்லை. அதற்குப் பிறகு மூன்று வருடம், ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் என்னிடம் கேட்டார், "உங்க கண்ணுல ஏதாவது பட்டுதா?" பார்க்கவே இல்லை சார் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அவர் என் முகத்தைச் சந்தேகமாகப் பார்ப்பார். பிறகு அடுத்த பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து தேட ஆரம்பிப்பார்.